வெறியாட்டும் வீசிங்கும்

ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ குழந்தை மருத்துவர் ஒருவரின் வாசலில், மாலை ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். "ஆஸ்துமாவெல்லாம் இல்லீங்க்கா, வீசிங்குதான்." ஆங்கிலத்தில் வீசிங் என்பது நோயின் பெயரே அல்ல, மூச்சுக்குழாய் குறுகும்போது எழும் சீழ்க்கைச் சத்தத்தின் பெயர். அந்தச் சத்தத்தை ஒரு நோயாக்கி, அதையே இன்னொரு நோய்க்குத் திரையாகவும் போட்டுக்கொண்டது நம் தமிழ். ஆஸ்துமா என்றால் ஆயுளுக்கும் இருக்கும். வீசிங் என்றால் வந்துவிட்டுப் போய்விடும். பெண் குழந்தையாக இருந்தால் இந்த வேறுபாட்டை அம்மாக்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். நாளை மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போது அக்கம்பக்கத்தார் வாயில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு நான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

எனக்கு இட்ட சொல் ஆஸ்துமா. அது தப்பான சொல்.

1984ஆம் ஆண்டு எனக்கு நான்கு வயது. எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில். நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டம் ஆனது, அதனால் அப்போது நாங்கள் சேலம் மாவட்டத்துக்காரர்கள். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலைக்கு வைகாசி கடைசியிலேயே விதை உடைக்கத் தொடங்கிவிடுவார்கள். திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள், நடுவில் கல்லக்காய்க் குவியல், படிக்கு இவ்வளவு என்று கூலி. நான் ஓடி வந்தேன், வாயில் எதையோ போட்டேன், தடுக்கி விழுந்தேன். இருமல் வந்தது, முகம் நீலம் பாரித்தது, கண் சொருகியது. யாரோ முதுகில் அறைந்தார்கள். மூச்சு திரும்பியது. தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து இரவில் இருமல் வந்தது, பிறகு நெஞ்சில் சீழ்க்கை.

இவையெல்லாம் என் ஞாபகத்தில் இல்லை. அம்மா சொன்னவை. அவள் இதை எப்போது சொன்னாள், எப்போது சொல்லாமல் இருந்தாள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

முதல் முறை மருத்துவரிடம் போனபோது சொல்ல வாயெடுத்தாள். அவள் தொடங்குவதற்குள் அப்பத்தா, "அத்தன பேரு உக்காந்திருக்கறப்ப புள்ளய வாயில போட உட்டுட்டுப் பாத்துக்கிட்டிருந்தியான்னு கேப்பாங்க. பேசாம இரு" என்று தடுத்தாள். அப்பாதான் பேசினார். "சளிங்க, எரைக்குதுங்க." எத்தனை நாளாக என்றார் மருத்துவர். பத்து நாளாக என்றார் அப்பா. இரண்டாவது மருத்துவரிடம் அம்மா சொல்லியேவிட்டாள். "முழுங்கியிருந்தா வெளியே போயிருக்கும்மா. இது அலர்ஜி" என்று சீட்டு எழுதப்பட்டது. மூன்றாவது ஆளிடம் அவள் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் டெரிபிலின் ஊசிகள், சால்பூட்டமால் சிரப், இரண்டு முறை நிமோனியா, ஒரு முறை டிபியோ என்ற சந்தேகம். எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. கடலைப்பருப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. காசும் ஊக்கும் நிழல் விழுத்தும், பருப்பு விழுத்தாது.

கார்த்திகையில் கோயம்புத்தூர் போனோம். அங்கே இளம் மருத்துவர் ஒருவர், ஆண்தான் (இதைச் சொல்லாமல் விட்டால் கதை எனக்கு வசதியாக ஆகிவிடும்), இரண்டு பக்கமும் மாறி மாறி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். சத்தம் வலது பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்துமாவாக இருந்தால் பொதுவாக இரு பக்கமும் கேட்கும். அவர் அப்பாவிடமிருந்து திரும்பி அம்மாவைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் எத்தனை நாளாக, எத்தனை மாதமாக என்றுதான் கேட்டிருந்தார்கள். இவர், "எந்த நாள் ஆரம்பிச்சுதும்மா?" என்றார். "வெள்ளிக்கெழமைங்க. வெத ஒடச்சிக்கிட்டு இருந்தமுங்க" என்று அம்மா தொடங்கினாள். மூச்சை இழுக்கச் சொல்லி ஒரு படம், விடச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள். விடும்போதும் வலது நுரையீரல் சுருங்காமல் காற்றோடு நின்றது. மறுநாள் மயக்கம் கொடுத்து, உலோகக் குழாயை உள்ளே விட்டு, ஊறிப் போன அரைப் பருப்பை எடுத்தார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வெறியாட்டுப் பாடல்களுக்கு ஓர் இயல் உண்டு. மாணவிகளுக்கு இந்தத் துறை தெரிந்திருக்கும். களவொழுக்கத்தில் இருக்கும் தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய் காரணம் அறியாமல் கட்டுவிச்சியை அழைத்துக் கழங்கு பார்க்கிறாள், வேலனை அழைக்கிறாள். முருகு அணங்கியது என்று சொல்லப்படுகிறது. களம் இழைத்து, மறி அறுத்து, இரவெல்லாம் ஆட்டம். உண்மை தெரிந்தவள் தோழி. அவள் அறத்தொடு நின்று சொன்னால்தான் மணம் கூடும். இதைத் தவறான நோய்க்கணிப்பின் இலக்கியம் என்று நான் அன்று எழுதினேன். அது இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. தாயைப் பற்றி எழுதியதுதான் சரியில்லை. அவளைக் காவலின் உருவமாக, மகளின் உடலை வாசிக்கத் தெரியாதவளாக, ஆண்வழிச் சமூகத்தின் ஏவலாளாக எழுதியிருந்தேன். என் நெறியாளர் அந்த இயலைத்தான் மிகவும் பாராட்டினார்.

பின்னாளில் வகுப்பில் அகநானூற்றின் 22ஆம் பாட்டை நடத்தும்போது சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. பாடியவர் வெறி பாடிய காமக்கண்ணியார், பெண் புலவர், பாடுபொருளே பெயரின் முன்னொட்டாகிவிட்டவர். அந்தப் பாட்டில் தாய் மகளின் உடல் மாற்றத்தைக் கண்டு கலங்குகிறாள். வயது முதிர்ந்த பெண்கள் சொன்ன காரணத்தைக் கேட்டு வெறிக்களம் அமைக்கிறாள். அதே இரவில் தலைவன் யாருக்கும் தெரியாமல் வந்து சேர, உடல் தேறுகிறது. வேலனால் தேறியது என்று ஊர் நினைக்கும். பேசுகிற பெண் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தே அதுவரை நடத்தியிருந்தேன். அன்று தாயின் பக்கம் பார்வை போனது. அந்த உடலில் ஏதோ மாறியிருக்கிறது என்று முதலில் கண்டவள் அவள்தானே? நிறம், வளை, தூக்கம் என்று ஒவ்வொன்றாய்க் கவனித்தவள் வேறு யார்? அவள் பார்த்தது சரி. பார்த்ததைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம்தான் பிழை. கேட்க வேண்டியவளை அவள் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தாலும் மகள் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் பழி. ஊரின் அலர் வாயை அடைத்துவைத்திருக்கும் வீட்டில் நோயின் காரணம் வெளிவரும் வழி அடைந்துதான் கிடக்கும்.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். காரணம் தெரிந்தவள் தாய். அவள் வாயை அடைத்ததும் பழிதான்.

இந்தப் பழிக்கு நூல் ஆதாரமும் உண்டு. பாலவாகட நூல்கள் குழந்தை நோய்களைக் கணம், மாந்தம், தோஷம் என்று பிரிக்கின்றன. மூச்சிரைப்பு பெரும்பாலும் கணத்தின் கீழ் வரும். நோய்க்கான காரணங்களில் தாய் உண்ட உணவும், அதனால் கெட்ட பாலும் அடிக்கடி வந்து நிற்கும். வழக்கிலோ இது இன்னும் நீண்டது. பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணீரில் கை வைத்தாள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பால் கொடுத்தாள், தீட்டுக்காரி நிழல் பட்டது. பேசத் தெரியாத பிள்ளைகளின் நோயைத் தனித் துறையாக எடுத்து எழுதினார்கள் என்ற மரியாதை எனக்கு அந்த நூல்கள் மேல் உண்டு. உரைமருந்தின் வாசனையும் எனக்குப் பிடித்ததே. ஆனால் பிள்ளைப் பிணியைத் தாயின் நடத்தையிலிருந்து பிரித்துப் பார்க்க அந்த மரபு பழகவில்லை. பாட்டி வைத்தியத்தைப் பெண்ணறிவு என்று கொண்டாடும் பெண்ணியக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் அப்பத்தாவுக்கும் அந்த அறிவு நிறையவே இருந்தது. அம்மாவைப் பேசாமல் இரு என்று சொன்னதும் அந்த வாய்தான்.

இதெல்லாம் நம்மூர்ப் பத்தாம்பசலித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர்கள் தாமஸ் பிரெஞ்சும் பிரான்ஸ் அலெக்சாண்டரும் 1941இல் ஆஸ்துமா குறித்து ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். ஆஸ்துமாவின் இழுப்பு என்பது தாயை நோக்கி எழுந்து அடக்கப்பட்ட அழுகை என்பது அவர்கள் வாசிப்பு. கவிதையாக எழுதியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன். மருத்துவமாக எழுதப்பட்டதால் தாய் குற்றவாளியானாள். நியூயார்க்கின் மருத்துவர் முர்ரே பெஷ்கின் ஒருபடி மேலே போனார். கடும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து டென்வரில் ஓர் இல்லத்தில் நீண்ட காலம் வைத்துப் பராமரித்தார்கள். அந்தப் பிரிவுக்கு அவர் வைத்த பெயர், குடல்வாலை வெட்டி எடுப்பதைப்போல பெற்றோரை வெட்டி எடுத்தல் என்று பொருள்படுவது. வீட்டை விட்டு வந்ததும் பல குழந்தைகள் தேறினார்கள். வீட்டோடு வீட்டுத் தூசியும் பூனையும் புகையும்கூடத்தான் பின்தங்கின. ஆனாலும் பெயர் பெற்றோர் தலையில் விழுந்தது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். ஷெவாலியர் ஜாக்சன், 1865இல் பிறந்தவர், பிலடெல்பியாவில் பணியாற்றியவர். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு அந்நியப் பொருள் எடுப்பதை 1897இல் ஜெர்மனியின் குஸ்தாவ் கில்லியான் தொடங்கிவைத்தார். ஒரு விவசாயியின் நுரையீரலிலிருந்து பன்றி எலும்புத் துண்டு எடுத்தார். அதைச் செப்பமான கலையாக்கி ஊரூராய்க் கற்பித்தவர் ஜாக்சன். சீழ்க்கை அடிப்பதெல்லாம் ஆஸ்துமா அல்ல என்ற, மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிற எச்சரிக்கை அவர் பெயரோடு சேர்ந்தது. அவர் எடுத்த 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் இருக்கின்றன. ஊக்கு, பொத்தான், காசு, எலும்பு, பொம்மையின் துண்டு. நிலக்கடலை மேல் அவருக்குத் தனிக் கோபமே இருந்தது. இரும்பு ஊக்கு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். கடலையோ ஊறி, உப்பி, எண்ணெய் விட்டு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அந்த அழற்சிக்குக் கடலையின் தாவரப் பெயரையே இட்டு அழைத்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கடலை தரக் கூடாது என்று இன்று சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால் அந்த இழுப்பறைகள் இருக்கின்றன.

மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படும் இந்த நோயின் கதைப்போக்கை ஒரு தமிழாசிரியையாகப் படித்தபோது வியந்துபோனேன். திடீரென்று ஒரு புரை ஏறல், பிறகு எதுவுமே இல்லாத அமைதி, பிறகு மெல்லத் தொடங்கும் இருமலும் இரைப்பும். நடுவிலிருக்கும் அமைதிதான் ஏமாற்றுவது. முதல் காட்சி யாருக்கும் நினைவிலிருக்காது, பக்கத்தில் இருந்தவளுக்குத் தவிர. படமும் ரத்தமும் தராத தடயத்தை அவளுடைய ஒரு வாக்கியம் தரும். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும், புரையேறிய கதை உறுதியாக இருந்தால் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதே மருத்துவத்தின் அறிவுரை. அதாவது தாய் கூற்றுக்கு எக்ஸ்ரேவைவிட மதிப்பு அதிகம் என்று அவர்கள் நூலிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட கூற்றை வாங்க வேண்டிய இடத்தில், "கவனிக்காம என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்பது முதல் கேள்வியாக வந்தால், அடுத்த கேள்விக்குப் பதில் வராது. தாய்மாரைப் பழிப்பது அநீதி என்று நாம் சொல்லிவருகிறோம். அதோடு அது நோயை மறைத்தும்விடுகிறது என்பதை நான் என் வலது நுரையீரலை வைத்துச் சொல்ல முடியும். அதன் அடிப்பகுதியில் ஒரு தழும்பு உண்டு. மார்கழி வந்தால் இன்றும் சளி கட்டும்.

நம் தாலாட்டுகளில் அழும் பிள்ளையிடம், உன்னை அடித்தது யார் என்று கேட்டு உறவுகளை ஒவ்வொருவராய் வரிசையில் நிறுத்தும் ஒரு வடிவம் உண்டு. அத்தை, மாமன், பாட்டி என்று எல்லாரும் கூண்டில் ஏறுவார்கள். விசாரிப்பவள் தாய். மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் அவளே கூண்டில் நிற்கிறாள்.

ஆஸ்துமா என்று தப்பாகப் பெயர் வாங்கியவை வேறும் உண்டு. ஈஸ்னோபீலியா என்ற சொல் எங்கள் பக்கத்தில் கிராமத்துக் கிழவிக்கும் தெரியும். மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பிரிமோட் மோல்லரும் பார்ட்டனும் 1940இல் காசநோய்போலத் தோன்றி காசநோய் அல்லாத ஒரு நிலையை விவரித்தார்கள். ரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் மிகுந்திருந்தன. 1943இல் வெயின்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயர் வைத்தார். இரவில் இருமல், இழுப்பு; ஆஸ்துமா மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே அது என்பது பின்னால் தெளிந்தது. யானைக்கால் மாத்திரைக்கே அடங்கியது.

ஆஸ்துமா என்ற சொல்லின்மேல் எனக்கு விரோதம் இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளையின் இன்ஹேலரைத் தூக்கி வைத்தால் நான் எழுதியது வீண். இழுப்பு வரும் பிள்ளைகளில் கடலை மாட்டியவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசானில் 1980இல் தொடங்கிய ஆய்வு ஒன்று குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தது. மூன்று வயதுக்குள் இரைப்பு கண்டவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று 1995இல் எழுதினார்கள். வைரஸ் சளியோடு வந்து, குழாய்கள் வளர்ந்ததும் போய்விடுகிற இரைப்பு அது. அகநானூற்று வேலனுக்குப் போன புகழை நினைத்துக்கொள்ளுங்கள். தானாகப் போகிற இரைப்புக்கும் யாரோ ஒருவர் புகழ் வாங்கிக்கொள்கிறார். ஆண்டுதோறும் சூனில் ஹைதராபாத்தில் உயிர் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்களே, அங்கே என்னையும் கூட்டிப்போகச் சொல்லி ஊரில் யோசனை சொன்னார்களாம். மூச்சுக்குழாயில் கடலை இருந்த பிள்ளைக்குத் தொண்டையில் மீன். ரயில் செலவுக்குக் காசில்லாததால் தப்பித்தேன்.

மீதிப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஆஸ்துமாதான். சிறுவயதில் ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் ஆஸ்துமா, பருவம் எய்திய பிறகு பெண்களிடம் கூடுதலாகிறது. சரியாக அந்த வயதில்தான் எங்கள் ஊர்களில் அதன் பெயரை மறைக்கத் தொடங்குகிறார்கள். என் வகுப்பில் ஒரு மாணவி இன்ஹேலரைப் பென்சில் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். கழிப்பறையில் போய்த்தான் இழுப்பாள். "வீட்டுல சிரப்புதான் குடிக்கணும்னு சொல்றாங்க மேம், இது பழகிட்டா உட முடியாதாம்" என்றாள். நேராக நுரையீரலுக்குப் போவதால் இன்ஹேலருக்கு மருந்தின் அளவு குறைவாகவே போதும். அதைவிட அதிக மருந்தை வயிற்றின் வழியே அனுப்புவது சிரப். சிரப் பாட்டிலைக் கண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் அதன் தகுதி. எனக்கு இல்லாத நோயின் பெயரை ஆறு மாதம் சுமந்தேன். அவள் இருக்கிற நோயின் பெயரைச் சொல்ல முடியாமல் சுமக்கிறாள். அவள் அம்மாவை ஒரு நாள் கல்லூரிக்கு வரச் சொல்லிப் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது சரிதானுங்க மேடம். பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட நீங்க வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சங்ககிரிப் பக்கம் தறி ஓட்டுகிறவர். பஞ்சுத் தூசியில் அவருக்கே இரைத்தது.

அம்மா அந்தக் காலத்துச் சீட்டுகளையெல்லாம் ஒரு ரெக்ஸின் பையில் வைத்திருக்கிறாள். போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் படித்தேன். ஆறு மாதத்துத் தாள்களில் நோயாளி நான், தகவல் தந்தவர் தந்தை. கோயம்புத்தூர்த் தாளில் மட்டும் நீல மையில் வேறு ஒரு வரி. தாய் கூறியபடி, நிலக்கடலை உடைக்கும் இடத்தில் விழுந்து புரையேறியது, அன்றிலிருந்து. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக அதைப் பத்திரமாக வைத்திருந்தவளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. படித்துக் காட்டினேன்.

"எம் பேரு போட்டிருக்குதா கண்ணு?"

"பேரு போடலம்மா. தாய்னு போட்டிருக்கு."

"வெள்ளிக்கெழமைன்னு?"

"அது இல்லம்மா."

"நாஞ் சொன்னேனே" என்றாள். தாளை வாங்கி, அதன் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.